சங்கு ஊதாத காலை

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்து வயதானவர்களிடம் பழைய காலத்தைப் பற்றிக் கேட்டால், தப்புச் சத்தத்தில்தான் தொடங்குவார்கள். பனி விலகாத இருட்டில் லயத்துக்கு லயம் தப்பு அடித்துக்கொண்டு ஓர் ஆள் போவார். அந்தச் சத்தத்துக்கு எழும்பி, ரொட்டியைத் தட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். தப்புக்குப் பிறகு சங்கு வந்தது. எந்த மலை, எந்த நிரை, எத்தனை மணிக்கு நிறுவை, எப்போது தேத்தண்ணி என்று எல்லாமே வேறொருவர் வாயிலிருந்து வரும். சொன்ன கிலோ வந்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும், வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிநாள் கூலி. பத்தாம் திகதி வாக்கில் சம்பளம், இடையில் எட்வான்ஸ், தீபாவளிக்கு முற்பணம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதில் இருந்து எண்ணினால், ஐந்தாறு தலைமுறை இந்த ஒழுங்கில் எழுந்து படுத்திருக்கிறது.

இப்போது ஓர் ஆளை எண்ணிக்கொள்ளுங்கள். கற்பனை ஆள்தான், ஆனால் இவரைப் போல ஒருவரையாவது தெரியாத குடும்பம் மலையகத்தில் இருக்காது. சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்திக் கொழும்பில் ஒரு கடையில் எட்டு வருடம் நின்றவர். சேர்த்த காசோடு திரும்பி வந்து, தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைப் பக்கம் போகிற வழியில், லிந்துலையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சில்லறைக்கடை போடுகிறார். முதல் மாதம் காலை ஐந்தரைக்கே கதவு திறக்கிறது, பாண் வருமுன். இரண்டாம் மாதம் ஆறரை. மூன்றாம் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது, ஏழு, ஏழரை. ஏன் பிந்தினாய் என்று கேட்கக் கணக்கப்பிள்ளை இல்லை. ஊர் பேசத் தொடங்குகிறது: "தோட்டத்து ஆளுக்கு யாவாரம் சரிப்படாது."

அப்படியில்லை என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போகலாம். யூடியூபில் உசுப்பேற்றுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கோ, அந்த ஊர்ப்பேச்சை விடாமுயற்சி பற்றி நடந்த சோதனைகளுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க ஆசை.

முதல் சோதனை மைசூரில் நடந்தது. சுப்ரீத் கௌர், மைக்கேல் கிரேமர், செந்தில் முல்லைநாதன் என்ற மூன்று பொருளியலாளர்கள், கணினியில் தரவு பதிகிற தொழிலாளர்களை மாதக்கணக்கில் கவனித்தார்கள். (கிரேமர் 2019இல் நோபல் பரிசு பெற்றவர். முல்லைநாதன் யாருடைய பிள்ளை என்று பெயரே சொல்கிறது. இந்தக் கட்டுரையில் மறுபடியும் வருவார்.) பதிந்த அளவுக்குக் கூலி, வாரம் ஒருமுறை சம்பளம். சம்பளநாளை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றி வைத்தார்கள். சம்பளநாள் நெருங்க நெருங்க வேலை கூடியது. சம்பளம் வாங்கிய மறுநாள் தொய்ந்தது. வேலையும் அதே, கூலியும் அதே, ஆளும் அதே. பலன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டுந்தான் வேறு.

அடுத்து அவர்கள் செய்தது இன்னும் விசேஷமானது. "விரும்பினால் நாளைக்கு உங்களுக்கு நீங்களே ஓர் இலக்கு வைத்துக்கொள்ளலாம். எட்டினால் வழக்கமான கூலி. எட்டாவிட்டால் பாதிக் கூலி" என்றார்கள். இலக்கை எட்டினால் மேலதிகமாக ஒரு சதமும் கிடையாது. கணக்குத் தெரிந்தவர் இலக்கைப் பூச்சியம் என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவைகளில் தொழிலாளர்கள் தாங்களாகவே தங்கள் தலையில் இலக்கை ஏற்றிக்கொண்டார்கள். வேலையும் கூடியது. தன் மனம் நாளைக்குச் சறுக்கும் என்று அவர்களுக்கு இன்றைக்கே தெரிந்திருந்தது.

அரைப்பேர் வாங்கிப் பழகியவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். நம் பாட்டிமார் தலையில் வலிந்து கட்டிய சட்டத்தை மைசூர்க்காரர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்! ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மைசூரில் எண்ணை வைத்தவர், அந்த எண்ணுக்காக உழைக்கப் போகிறவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்குக் குறைத்துக்கொள்வார். தோட்டத்தில் அந்த எண் ஆபீசிலிருந்து வந்தது. 18 கிலோ என்பது பல காலம் எல்லோர் வாயிலும் இருந்த எண். கொழுந்து குறைந்த மாதத்தில் மலையைச் சலித்தாலும் அது கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்துக்குப் போன பெண்கள் சிலர், வாரநாளைவிட உற்சாகமாகக் கையை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எத்தனை கிலோ போதும் என்பது அவர்கள் கையில்.

ஆக, மூன்றாம் மாதத்தில் கதவு பிந்தித் திறப்பதற்குத் தோட்ட இரத்தம் காரணமல்ல. வெளியிலிருந்து ஓர் ஒழுங்கு பிடிக்காவிட்டால் எந்த ஊர்க்காரரும் சறுக்குவார். அரசாங்க ஆபீசில் விரலடையாள இயந்திரம் வைத்திருப்பதும் அதனால்தான். கடைக்காரருடைய சிக்கல், அவருக்குச் சம்பளநாளே கிடையாது என்பது. இலாபம் பருப்பு மூட்டையிலும் கடன் கொப்பியிலும் கரைந்து கிடக்கும். ஒருநாளும் கவரில் போட்டுக் கையில் தர மாட்டார்கள். அவருடைய பலன் எப்போதும் தூரத்திலேயே இருக்கிறது. தனக்கென்று வாராந்தம் ஒரு தொகையைச் சம்பளமாக ஒதுக்கி, அதை ஒரு குறித்த நாளில் எடுக்கிற கடைக்காரர், தெரிந்தோ தெரியாமலோ மைசூர்ச் சோதனையைச் செய்கிறார்.

இரண்டாவது சோதனை கொஞ்சம் சங்கடமானது, நாய்களை வைத்துச் செய்தது. ஒப்புமை மனிதருக்கும் மனிதருக்கும் இடையில் அல்ல, மூளைக்கும் மூளைக்கும் இடையில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு கூட்டம் தலையால் ஒரு பலகையைத் தட்டினால் அதிர்ச்சி நிற்கும். மற்றக் கூட்டத்துக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் ஒரு தாழ்ந்த தடுப்பு உள்ள பெட்டியில் விட்டார்கள், தாண்டினால் தப்பலாம். முதல் கூட்டம் தாண்டியது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை அப்படியே படுத்துக்கொண்டன. எதைச் செய்தும் பயனில்லை என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கினார்கள். அந்த விளக்கம் உலகெங்கும் பரவியது. ஒடுக்கப்பட்ட சமூகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், 'இவர்கள் முடங்கப் பழகியவர்கள்' என்று சொல்ல அது கைகொடுத்தது. மலையகத்தைப் பற்றியும் அப்படிச் சொன்னார்கள்.

ஐம்பது வருடம் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். அறிவியலில் இது அடிக்கடி நடப்பதில்லை. இடைக்காலத்தில் மேயர் எலிகளின் மூளைக்குள் பார்த்திருந்தார். தொல்லை நீண்டுகொண்டே போனால், மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புத்திரள் செரொட்டோனினைக் கொட்டி உடலை முடக்கிவிடுகிறது. இது யாரும் கற்கவேண்டாத, உடம்போடு வந்த எதிர்வினை. 'நான் செய்ததால் இது நின்றது' என்ற அனுபவம் கிடைக்கும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை அதைப் பதிவுசெய்து, கீழே உள்ள அந்தத் திரளை அடக்குகிறது. கற்கப்படுவது இந்தக் கட்டுப்பாட்டு அனுபவந்தான். ஒருமுறை நன்றாகப் பதிந்துவிட்டால், பிறகு வருகிற தொல்லையிலும் அது காக்கிறது.

இதை அறிந்த பிறகு மலையகத்தை வேறு கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. லயக்காம்பரா சொந்தமில்லை. பலருக்குக் கடிதம்கூடத் தோட்ட ஆபீஸ் வழியாக வந்தது. வங்கிப் படிவத்தில் விலாசம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். 'நான் செய்தேன், அதனால் மாறியது' என்று மூளை பதிந்துகொள்ள வாய்ப்புக் குறைவு. ஆனால் வாய்ப்பே இல்லாமல் இருந்ததில்லை. லயத்துக் கோடியில் ஒரு துண்டு நிலத்தில் கரட், லீக்ஸ் போட்டவர்கள் உண்டு. மாடு வளர்த்துப் பால் ஊற்றியவர்கள் உண்டு. மாதச் சீட்டைப் பிசகாமல் நடத்திய பெண்கள், மரணசகாயச் சங்கக் கணக்கை ஒரு சதம் பிழைக்காமல் வைத்தவர்கள், காமன்கூத்துக்கு ஊரையே திரட்டியவர்கள் எல்லோரும் பெரட்டுக்களத்துக்கு வெளியே வேறொரு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். லிந்துலைக் கடைக்காரரிடம் நான் கேட்பதென்றால் அவருடைய கல்வித்தகைமையைக் கேட்க மாட்டேன். உங்கள் வீட்டில் யார் சீட்டுப் பிடித்தார்கள், மாட்டை யார் பார்த்தார்கள் என்று கேட்பேன்.

சரி, மனம் இருக்கிறது. கையில் காசு?

இங்கே முல்லைநாதன் மறுபடி வருகிறார், இந்தமுறை விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு. 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்காரருக்கு வருடத்தில் ஒருமுறைதான் பெரிய காசு. அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 சதவீதம். அதே விவசாயியை இரண்டு காலத்திலும் உட்காரவைத்து, வடிவங்களைப் பொருத்துகிற புதிர்களையும் கவனத்தைச் சோதிக்கிற விளையாட்டுகளையும் கொடுத்தார்கள். கையில் காசு வந்த பிறகு அவர் தெளிவாக, வேகமாகச் செய்தார். 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்த இந்த ஆய்வின் சாரம்: கடன் நினைப்பு மூளையின் ஒரு பகுதியை வாடகையில்லாமல் பிடித்துக்கொள்கிறது, மிச்சத்தில்தான் மற்ற யோசனை. பிறகு ஒடிசாவில் இலைத்தட்டுத் தைக்கிற தொழிலாளர்களில் சிலருக்குக் கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் தைத்த தட்டுகளின் எண்ணிக்கை சுமார் 7 சதவீதம் கூடியது. கவனப்பிசகால் வரும் பிழையும் குறைந்தது. ஊக்கப்பேச்சு எதுவும் நடக்கவில்லை. கடனை அடைக்கக் காசு கிடைத்தது, அவ்வளவுதான்.

தோட்டத்தை நம்பிய கடைக்கு அறுவடை பத்தாம் திகதி. இருபதாம் திகதிக்கு மேல் "சம்பளத்துக்கு எழுதிவைங்க" என்ற குரல் கூடும். கொப்பி தடிக்கும், லாச்சி மெலியும். முதலாம் திகதியிலிருந்து ஒன்பது வரை சப்ளையர் காசு கேட்பார், கடைக்காரர் சாக்குச் சொல்வார். அந்த ஒன்பது நாளில் அவர் அறுவடைக்கு முந்திய கரும்பு விவசாயி. மீற்றர் வட்டிக்காரர் படியேறுவதும், கடையை மூடிவிட்டுத் திரும்பக் கொழும்புக்குப் போகலாமா என்று தோன்றுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். என்னைக் கேட்டால், மாதத்தின் முதல் ஒன்பது நாளில் கடையின் தலைவிதியை முடிவுசெய்யக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டிவிடலாம். மூடுவதானாலும் பன்னிரண்டாம் திகதி மூடலாம். 2022இல் நாடே அந்த ஒன்பது நாளுக்குள் மாட்டிக்கொண்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது, சரக்கை விற்ற காசுக்கு அதே சரக்கைத் திரும்ப வாங்க முடியவில்லை. அந்த வருடம் கடையை மூடியவரை மனத்திடம் இல்லாதவர் என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

மனத்திடம் என்ற சரக்கையே அறிவியல் இப்போது சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. மனவுறுதி ஒரு பற்றரி போல, பாவிக்கப் பாவிக்கத் தீரும் என்று 1998இல் ரோய் பௌமைஸ்டர் சொன்னது வெகுகாலம் கொடிகட்டிப் பறந்தது. 2016இல் 23 ஆய்வுகூடங்கள் ஒன்றுசேர்ந்து சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய பூச்சியமாகப் போனது. விடாப்பிடிக் குணத்தை அளந்து வெற்றியை ஊகிக்கலாம் என்ற ஏஞ்சலா டக்வர்த்தின் கருத்தும், எல்லாத் தரவுகளையும் கூட்டிப் பார்க்கையில் மெலிந்துவிட்டது.

குணத்தை விட்டுவிட்டுக் காசைப் பார்த்தால், சிறு முதல் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் சுனாமிக்குப் பிந்திய மாதங்களில் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் மிகச் சிறிய தொழில்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்தார்கள், காசாகவோ பொருளாகவோ. திருப்பித் தர வேண்டாம். அந்த முதலுக்கு மாதம் 5 சதவீதம் அளவில் வருமானம் வந்தது. எந்த வங்கி வட்டியும் அதற்கு முன்னால் சின்னது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, காசு பெற்ற ஆண்களின் தொழில்கள் பெறாதவர்களுடையதைவிடப் பத்துச் சதவீதப் புள்ளி கூடுதலாகப் பிழைத்திருந்தன. குலுக்கலில் விழுந்தவருக்கும் விழாதவருக்கும் குணத்தில் வேறுபாடு இருந்திருக்க முடியாது. பிழைத்து நின்றவரைப் பார்த்து 'என்ன விடாமுயற்சி' என்று ஊர் வியந்திருக்கும். அதன் ஒரு பகுதி 10,000 ரூபாய்.

பெண்களின் தொழில்களில் இந்தப் பலன் தெரியவில்லை. பெண்களுக்கு வியாபாரம் வராது என்று சிலர் முடிவுகட்டப் பார்த்தார்கள். பிறகு வந்த ஒரு மறு ஆய்வு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது: மனைவிக்குக் கொடுத்த காசு பல வீடுகளில் கணவனின் தொழிலுக்குப் போயிருந்தது. காம்பராவுக்குள் தையல் மெஷினை வைத்துத் தைக்கிற பெண்ணிடம் சுய ஊக்கம் பற்றி வகுப்பெடுக்கப் போகிறவர், முதலில் அவருடைய லாச்சித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பது நல்லது.

அதற்காகப் பயிற்சியே வீண் என்பதல்ல. மேற்கு ஆபிரிக்காவின் டோகோ நாட்டுத் தலைநகர் லோமேயில் 1,500 சிறு வியாபாரிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல் என்று வழக்கமான பாடம். இன்னொன்றுக்கு மைக்கேல் ஃப்ரீஸே என்ற ஜேர்மன் உளவியலாளர் உருவாக்கிய பயிற்சி: யாரும் சொல்லாமல் தானாகத் தொடங்குவது, வரப்போகும் இடைஞ்சலை முன்னமே யோசிப்பது, பக்கத்துக் கடையைப் பார்த்து அப்படியே போடாமல் வேறாகச் செய்வது. மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. 2017இல் வெளியான முடிவின்படி, அந்த இரண்டாம் வகைப் பயிற்சி பெற்றவர்களின் இலாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பாடத்தால் வந்தது 11 சதவீதம், அதுவும் தற்செயலா என்று பிரித்தறிய முடியாத அளவு. பாதையோரத்தில் ஒரே மாதிரி ஐந்து சில்லறைக்கடை, ஐந்திலும் அதே பிஸ்கட், அதே ரீலோட் என்று வரிசையாக நிற்பதைப் பார்த்த எனக்கு, 'வேறாகச் செய்வது' என்ற அந்தப் பாடம் மட்டும் தமிழில் வந்தாலே போதும் என்று தோன்றும்.

இடைஞ்சலை முன்னமே யோசிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'இனிமேல் ஒழுங்காக இருப்பேன்' என்ற சபதத்தைவிட, 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்ற முடிச்சு பலமானது. பீட்டர் கோல்விட்சர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். 2006இல் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் கணிசமாக நின்றது. மழை அடித்து ஆள் வராத நேரம் கடன் கொப்பியைக் கூட்டுவேன். ஐந்தே காலுக்கு முதல் பஸ் சத்தம் கேட்டால் போர்வையை மடிப்பேன். இரண்டாவதைக் கவனியுங்கள். போன தலைமுறைக்குத் தப்பும் சங்கும் செய்ததை இவருக்கு ஒரு பஸ் செய்கிறது. வித்தியாசம், பஸ்ஸைச் சங்காக நியமித்தவர் இவரே. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரைக் கவனித்ததில் நடுவாக 66 நாள், ஆளுக்கேற்ப 18 முதல் 254 வரை போனது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதையும் அவர் கண்டார். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒருநாள் கடையை மூடியவர் அதற்காகக் குற்ற உணர்ச்சியில் வேகத் தேவையில்லை.

லிந்துலைக்கு அருகில், தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925இல் தொடங்கியது. கவ்வாத்து வெட்டுமுன் செய்யச் சொல்லி அவர்கள் சொல்லும் ஒரு சோதனை உண்டு. செடியின் வேரில் பென்சில் பருமனுக்கு ஒரு துண்டை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடின் தடவுவார்கள். கறுநீலமாக மாறினால் வேரில் மாப்பொருள் சேமிப்பு இருக்கிறது. வெட்டலாம், இலை முழுக்கப் போனாலும் செடி அந்த மாவைத் தின்று துளிர்க்கும். நிறம் மாறாவிட்டால் வெட்ட மாட்டார்கள். கொழுந்து எடுப்பதைச் சில வாரம் நிறுத்தி, வேர் நிரம்பும்வரை செடியை ஆறவிடுவார்கள். ஆறவிட்ட அந்த மலையைக் கடந்து போகிற யாரும் செடிக்கு ஊக்கம் போதாது என்று சொல்வதில்லை.

நம் கடைக்காரர் பன்னிரண்டாம் திகதி இரவு கதவைப் பாதி இழுத்துவிட்டு, கடன் கொப்பியைக் கடைசிப் பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்குகிறார். வந்த காசு, சப்ளையருக்குப் போனது, வாடகை. கடைசியில் ஓர் எண் மிஞ்சுகிறது: கடையை மூடி வைத்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்ற எண். போன மாதம் ஆறு நாள். இந்த மாதம் ஒன்பது.